லார்ன் வீட்டுப் பெட்டி

அமெரிக்காவில் டுலூத் ஊரில் இருந்த வெர்னாவுக்கு, ஞாயிறு தவறாமல் கணவன் வெண்டெல் இசைத்தட்டு கேட்க நண்பன் லார்ன் வீட்டுக்குப் போவது வயிற்றெரிச்சலாக இருந்தது. அங்கே கண்ணை மூடிச் சொக்கிப் போவானாம். தன் வீட்டில் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை, கண்ணுகளா.

எல்லாம் லார்னின் புது ஃபோனோ பெட்டி, அதாவது இசைத்தட்டின் ஒலியைப் பெருக்கும் பெட்டி, செய்யும் மாயம் என்று நினைத்து, அதே பெட்டியை வாங்கி வந்தாள். வெண்டெல் அதை இணைத்துத் தட்டைச் சுழலவிட்டான். பாட்டு கொசு முனகுவது போல வந்தது.

"கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

"பெட்டி நல்லதுதான் வெர்னா. இது ஊசியிலேர்ந்து வர்ற கரண்ட்டைத்தான் பெருக்கும். நம்ம ஊசியில இருக்கிற கம்பிச்சுருளோட தடை நாப்பது ஓம், கரண்ட் சொட்டுச் சொட்டாத்தான் விடும். லார்னோடது மூணே ஓம். அதே மாதிரி இன்னொண்ணு அவன்கிட்ட சும்மா கிடக்கு."

"ஊசி மட்டும் வரட்டும். அந்த ஆள் வேண்டாம்."

ஊசியோடு லார்னும் வந்தான். அவனே மாட்டியும் கொடுத்தான். பாட்டு அறையை நிறைத்தது. வெண்டெல் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினான். லார்ன் அவன் பக்கத்தில் உட்காரப் போனான்.

வெர்னா முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்தாள்.