சனிக்கிழமை ஜீப்பு

சாப்பாட்டு நேரத்தில் தமிழ்செல்வி அந்த வீடியோவைக் காட்டாமல் இருந்திருந்தால், பானுப்பிரியா அந்தச் சனிக்கிழமையும் ஏலக்காய் எடுக்கத்தான் போயிருப்பாள்.

தோட்டத்து மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்செல்வியின் போனில் பானுவின் புருஷன் முத்துக்கண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். போடிமெட்டுப் பாதையில், கீழே ஊர் முழுக்கத் தெரிகிற வளைவில் நின்றுகொண்டு, கையை வீசி வீசி என்னவோ சொல்கிறான். எதிரே நாலு சென்னைப் பெண்கள் வாய் பிளந்து கேட்கிறார்கள். காற்று இரைந்ததில் அவன் பேச்சு விளங்கவில்லை. "முத்துண்ணா, இன்னொரு தடவ சொல்லுங்க!" என்று ஒருத்தி கத்தியது மட்டும் கேட்டது.

"ஒன் வீட்டுக்காரரு இம்புட்டுப் பேசுவாராக்கும்?" என்றாள் தமிழ்செல்வி.

பானு சோற்றைப் பிசைந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். வீட்டில் அவன் பேசுவதெல்லாம் சோறு, தண்ணி, வெரசாக் கெளம்பு என்பதோடு சரி. அவள்தான் ராத்திரி சாப்பாட்டு வேளையில் தோட்டத்துக் கதையெல்லாம் சொல்வாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவான்.

முன்பு அவளும் மற்றப் பெண்களும் தோட்டத்துக்குப் போன ஜீப்பை ஓட்டியவனே அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன் திடீரென்று அதை விட்டுவிட்டான். "ஏன் மாமா?" என்று கேட்டதற்கு, "அலுத்துப் போச்சு" என்றான். அதன் பிறகு சென்னை ரயிலில் வெள்ளிக்கிழமை இரவு ஏறி, சனிக்கிழமை காலையில் போடியில் இறங்கி, ஞாயிறு இரவே திரும்புகிறவர்களை மலைக்குக் கூட்டிப்போகும் ஜீப்பை ஓட்டினான். அலுத்துப்போனது எது என்று பானு பலநாள் யோசித்திருக்கிறாள். வீடியோவைப் பார்த்தபின் யோசிக்க ஒன்றுமில்லை என்று பட்டது.

அந்தப் பாதையில் வாரத்தில் ஆறு நாள் போகிறவள் அவள். குளிருக்குப் படுதாவை இறக்கிவிட்டு, ஒருத்தி மடியில் ஒருத்தியாகப் பதினாறு பேர். அந்த வளைவில் ஜீப்பு ஒருநாள்கூட நின்றதில்லை.

சனிக்கிழமை காலையில், தங்கச்சி மகள் காதுகுத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன, சோலிக்குப் போகலையா?"

"இன்னைக்கு எனக்கு இதுதான் சோலி."

"வர்றவுக என்ன நெனைப்பாக?"

"நெனைச்சுட்டுப் போறாக. வண்டிய எடுங்க."

ஸ்டேஷனில் நாலு பெண்கள் பையோடு நின்றார்கள். அவர்களில், வீடியோவில் கத்தியவளின் பெயர் சுகன்யா. வெள்ளை ஷூவும் விரித்துவிட்ட முடியுமாக இருந்தாள். இந்த வருஷத்தில் அவள் வருவது இது மூன்றாவது தடவையாம்.

"அக்காவை ஏன்ணா இத்தனை நாளா கூட்டிட்டு வரல?" என்று உரிமையோடு கேட்டாள்.

"அவளுக்கு ஏதுங்க நேரம்?"

"கூப்பிட்டாத்தானே தெரியும்" என்றாள் பானு.

பின்சீட்டில் சிரிப்பும் பாட்டுமாக வந்தார்கள். முத்துக்கண்ணன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். காய்ப் பிசின் ஏறிக் கறுத்த நகங்களைப் பானு முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். மாதக்கணக்காகத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது.

வளைவில் ஜீப்பு நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். "அண்ணா, அந்த ஏலக்காய்ப் பூ கதை! இவ புதுசா வந்திருக்கா, இவளுக்குச் சொல்லுங்க" என்றாள் சுகன்யா. முத்துக்கண்ணன் பானுவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தயங்கியபடி ஆரம்பித்தான்.

"ஏலக்காய்ப் பூ உச்சியில பூக்காதுங்க. வேர்கிட்ட, மண்ணுல படுத்துக் கெடக்கும். நாம மண்டி போட்டாத்தான் அது மொகங்காட்டும். மேக மூட்டம் எறங்குச்சுன்னா பக்கத்துல இருக்குற ஆளு தெரியாது. அதான் பொம்பளைக ஒருத்தி பேர ஒருத்தி கூப்பிட்டுக்கிட்டே காய் எடுப்பாக. ஒரு பேருக்குப் பதில் வரலைன்னா அத்தன கையும் நின்னுரும்..."

பானுவுக்குக் காது சுட்டது. அத்தனையும் அவள் சொன்னவை. மண்டி போட்டது அவள் முழங்கால். பதில் வராமல் போனதும் அவள் பெயருக்குத்தான். ஒருநாள் பள்ளத்தில் சறுக்கி விழுந்து கிடந்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டதை இங்கே இவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுகிறான்.

"அது நான் சொன்னது" என்றாள்.

முத்துக்கண்ணன் பாதியில் நின்றான்.

"அய்யோ, அப்ப நீங்களே சொல்லுங்கக்கா" என்று சுகன்யா போனைத் தூக்கினாள்.

"எனக்குச் சொல்ல வராது. சோலி பாக்கத்தான் வரும்." பானு விடுவிடுவென்று போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பின் யாரும் பாடவில்லை. பூப்பாறையில் அவர்கள் தங்கும் விடுதியில் இறக்கிவிட்டபோது சுகன்யா அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஆபீஸ்ல மூச்சு முட்டும்போதெல்லாம் அந்தப் பூவைத்தான் நெனைச்சுக்குவேன்." கறுத்த நகங்களை அவள் பார்த்தாள், கையை விடவில்லை. நல்ல பெண். அவளை வெறுக்கக்கூட முடியவில்லையே என்று பானுவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி இறங்கும்போது ஜீப்பில் இருவர் மட்டும்.

"நிறுத்துங்க" என்றாள் அதே வளைவு வந்ததும். "அவுகளுக்கு நிறுத்துனீகள்ல, எனக்கும் நிறுத்துங்க."

நிறுத்தினான். இறங்கித் தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எனக்கும் ஏதாச்சும் சொல்லுங்க."

"ஒனக்கு என்னத்தச் சொல்ல? எல்லாம் நீ சொன்னதுதான்."

"நான் சொல்லாதது ஒன்னுகூடவா ஒங்ககிட்ட இல்ல?"

அவன் மேலே திரும்பி முந்தின வளைவைக் காட்டினான்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன, சாயங்காலம் எறங்கும்போது அங்கன ஜீப்ப மலையோரத்து ஓடையில விட்டேன்ல, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. தூங்கிவிட்டான் என்று எல்லோரும் ஏசினார்கள். அதிகம் ஏசியது அவள்தான்.

"தூங்கல பானு. பிரேக்கு இல்ல. மிதிக்கிறேன், காலு அதுபாட்டுக்குப் போகுது. பின்னாடி பதினாறு பேரு. நீயும் இருக்க. மலைப்பக்கம் ஒடிச்சு மண்மேட்டுல சாத்திட்டேன். சொன்னா யாரும் அடுத்த நாள் ஏற மாட்டாகன்னு ஜீப்பு மொதலாளி வாய மூடச் சொன்னாரு. பிரேக்க மாத்தித்தான் குடுத்தாரு. ஆனா மறுநாள் நீ பின்னாடி ஏறுன ஒடனே எனக்குக் கையி நடுங்குச்சு. இந்தச் சென்னைக்காரவுகளக் கூட்டிட்டுப் போகும்போது நடுங்கல. நீ இருந்தாத்தான்."

"அலுத்துப் போச்சுன்னு சொன்னீக."

"வேற என்ன சொல்ல?"

"இன்னைக்கு?"

"இன்னைக்கும்தான். வளைவுக்கு வளைவு."

பானு அவன் கையைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து பீடியை எடுக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தது. அன்று ஏசிய ஏச்செல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"இத அந்தப் புள்ளைககிட்டச் சொன்னீகளா?"

"இதையா? கேட்டா எவ ஏறுவா?"

"யாரு கேட்டாலும் சொல்லாதீக. பூவும் மேகமும் அவுக வச்சுக்கட்டும். இது எனக்கு."

அவன் தலையாட்டிவிட்டு வண்டிப் பக்கம் நடந்தான்.

"இருங்க மாமா" என்றாள் பானு, கீழே தெரிந்த ஊரைப் பார்த்தபடி. "நான் இன்னும் பாத்து முடிக்கல."