ஆறு ஏழு போட்ட நோட்டு

மாடி வீட்டு நர்ஸ் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது. மேஜைமேல் விழுந்தது செல்லாமல் போன பழைய நோட்டுக் குவியல். அதில் ஒரு நீல நோட்டின் மூலையில் ஏழு, ஏழு, ஏழு... ஆறு இடத்திலும் ஏழேதான்! இப்படி ஒரே எண் வரிசையாக வரும் பழைய நோட்டுக்காக மனுஷர் பாதி ஆயுசைத் தொலைத்திருக்கிறார். வீட்டில் சோறு ஆறிக்கிடக்கும்; அவர் ஏதாவது சந்தையில் நோட்டுப் புரட்டிக்கொண்டிருப்பார்.

"அப்பா பெட்டியில இருந்துச்சுண்ணா. நாளைக்கு வீட்டைக் காலி பண்றேன். புது ரூம்ல கட்டில் போடவே இடமில்ல, இதை எங்க வைக்க? தூக்கிப் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டலாம்னு வந்தேன்" என்றாள் நர்ஸ்.

அவள் சம்பாத்தியமெல்லாம் அப்பாவின் வைத்தியத்துக்கே போய்விட்டது. அவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது வாடகைக்கு வழியில்லை. அது கடைக்காரருக்கும் தெரியும். அந்த ஒரு நோட்டை விற்றால் இரண்டு வருஷ வாடகை கைக்கு வரும். அதுவும் தெரியும்.

தெரிந்து என்ன? ஆசை கண்ணை மறைத்தது. நோட்டுச் சேகரிக்கிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. எது வேண்டுமோ அதை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. மற்றதைப் புரட்டி, முகம் சுளித்து, வேண்டியதை நடுவில் செருகி மொத்தமாக அமுக்கிவிட வேண்டும். நீல நோட்டைப் பார்க்காமலே நடுவில் செருகி எல்லாவற்றையும் ஒரு கட்டாக அடுக்கிக்கொண்டே, அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் கிழிசலும் கறையுமா இருக்கேம்மா. சரி, நீ வந்துட்ட. சாமான் ஏத்துற வண்டிச் செலவுக்கு ஏதோ தரேன்."

"காசெல்லாம் எதுக்குண்ணா? சும்மாவே வெச்சுக்குங்க."

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டு அவருடையது!

அந்த நேரம் பார்த்து மனைவி டீயோடு வந்தாள். கட்டு சரிந்து நீல நோட்டு எட்டிப் பார்த்தது. டம்ளரை டக்கென்று வைத்தாள்.

"ஐயையோ! ஆறும் ஏழு! ஏங்க, நீங்க தூக்கத்துலகூட புலம்புற நோட்டாச்சே இது!" அவள் நர்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. "அடியே, வீட்டைக் காலி பண்ணாதடி! இதை வித்தா ரெண்டு வருஷ வாடகை வரும். இவரு குசும்பைப் பாரேன், சொல்லாம உன்னை வெச்சு விளையாடிட்டு இருக்காரு!"

நர்ஸ் திகைத்துப்போய்த் திரும்பினாள். "நிஜமாவாண்ணா?"

ஆமாம், சும்மா விளையாடினேன் என்று ஒரு சிரிப்பு சிரித்தால் தப்பித்துவிடலாம். ஆனால் புருஷன் ஏமாற்றுவான் என்று மனைவிக்குக் கனவிலும் தோன்றவில்லையே! அதுதான் அவரைச் சுட்டது.

"விளையாட்டு இல்லம்மா. ஏமாத்தத்தான் பார்த்தேன்."

மனைவியின் முகம் செத்துவிட்டது. "அப்போ... நம்ம ஆல்பத்துல இருக்கிறதெல்லாம்?"

"பாதி இப்படி வந்ததுதான்."

அவர் நீல நோட்டை ஓர் உறையில் போட்டு, நர்ஸின் கையில் வைத்தார்.

"மடிச்சுடாதம்மா. நாளைக்கு ஏலக்கடைக்கு நானே கூட வந்து நல்ல விலைக்குப் பேசித் தரேன். இத்தனை நாளா இதுக்குச் சாமர்த்தியம்னு பேர் வெச்சிருந்தேன். எதிர்ல நிக்கிறவங்களுக்கு விவரம் தெரியலைன்னு அவங்க பொருளை அமுக்குனா அது சாமர்த்தியமும் இல்ல, வியாபாரமும் இல்ல. பச்சைத் திருட்டு."