கூசத்தான் செய்யும்

கல்யாணம் ஆன நாளிலிருந்து மாடிப்பக்கமே எட்டிப் பார்க்காதவள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீரோடு வந்து நின்றாள். "அப்படி என்னதான் இருக்கு அதுல? நானும் பாக்கறேனே" என்றாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வாரமெல்லாம் லிஃப்ட் குழிக்குள் இருட்டில் கிடந்துவிட்டு, லீவு நாளில் மாடியில் தொலைநோக்கி வைத்துச் சூரியனைப் படம் எடுக்கிற மனிதர் அவர். தெருவே 'வெயில்காரர்' என்று கேலி செய்தது. அதில் முதல் குரல் இவளுடையது.

ஆனால் பாருங்கள், அந்த நேரம் பார்த்துத்தானா மேகம் விலக வேண்டும்! சூரியனின் ஓரத்துக்கு வந்துவிட்ட கரும்புள்ளிக் கூட்டம் நாளைக்கு இருக்காது. அவர் தொலைநோக்கிப் படம் ஓடும் மடிக்கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "பாரேன்" என்றார். திரையைத்தான் சொன்னார். அவளோ பெரிய தொலைநோக்கியின் முதுகில் இருந்த குட்டித் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். குழாய் என்றால் கண்ணை வைத்துத்தானே பார்ப்பார்கள்? பெரியதன் வாயில் வெயிலை வடிகட்டும் தாள் இருந்தது. குட்டியின் மூடி, துடைப்பதற்காகக் கழற்றியது, அவர் சட்டைப்பையில் கிடந்தது.

"ஐயோ, என்னங்க இப்படிக் கூசுது?"

"சூரியன்னா கூசத்தான் செய்யும். நல்லா பாரு."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார், பாவி மனுஷன். பயந்தாங்கொள்ளி என்பாரோ என்ற ரோஷத்தில் அவள் மறுபடியும் கண்ணை வைத்தாள்.

மத்தியானம் சட்டைப்பையில் மூடி தட்டுப்பட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. திரை எங்கேயாவது கூசுமா? கீழே ஓடினார். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளே வலிக்கிறது என்று சொல்லவில்லை, நாம் எதற்கு வீணாகக் கிளப்ப வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் நூல் கோக்க இடக்கண்ணை மூடியவள், ஊசியையே காணோம் என்றாள். "வயசாகுதுங்க, கண்ணாடி போட்டுக்கணும்" என்று சிரித்தாள். தைத்துக் கொடுக்க வேண்டிய துணி பக்கத்தில் மலையாகக் கிடந்தது.

கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சூரியனைப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"சேச்சே! அந்தக் கிறுக்கெல்லாம் இவருக்குத்தான். இவரு குழாயில ஒருதரம் பாத்தேன், அவ்ளோதான். இவரேதான் பாக்கச் சொன்னாரு." அவர் பக்கம் திரும்பினாள். "அதுல ஒண்ணும் ஆகாதுல்லங்க?"

அவர், "மூடி போடல. மறந்துட்டேன்" என்றார். பிறகு, "அன்னிக்கே தெரியும் எனக்கு" என்றார்.

சிலருக்குத் தானாகச் சரியாகும், சிலருக்கு ஆகாது, போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். மருந்து என்று எதுவும் இல்லையாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலாம். அவள் இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"காது தெரியுது. சட்டைப் பொத்தான்கூடத் தெரியுது. மூஞ்சிதான் இல்ல."

அவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். அவள் தலையும் கூடவே திரும்பியது.

"இப்பவும் இல்ல" என்றாள்.