மறுமொழி சொன்ன பெட்டி

குவைத்திலிருந்து மரியஅந்தோணி தன் தங்கைக்கு அனுப்பியவை இரண்டு பெட்டிகள். பாலாடை நிறம், செபப்புத்தகத்தைவிடச் சற்றே பெரிய உருவம். ஒன்றை ஓர் அறையின் பிளக்கிலும் மற்றதை வேறோர் அறையின் பிளக்கிலும் செருகினால் போதும், நடுவே தனிக்கம்பி வேண்டியதில்லை. விளக்கை எரிக்கும் அதே மின்சாரத்தின் மேலேறிக் குரல் நடந்து போகும். சிவப்புப் பொத்தானை அழுத்திப் பூட்டி வைத்தால் அந்த அறையின் ஓசையெல்லாம் மறுபெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கும். பொத்தானை விடுவித்தால் பெட்டி வாய்மூடிச் செவி திறக்கும். பேசுவதும் கேட்பதும் ஒருசேர அதற்கு இயலாது.

தங்கையின் பெயர் ஆரோக்கியசெல்வி. கணவன் தேவசிகாமணி, சேலத்துக்கு மேலே மலையில், வெள்ளக்கடையை அடுத்த ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மலைச்சரிவின் மேல்முனையில் எஸ்டேட் கொடுத்த வீடு. அவள் வீட்டின் பின்கட்டில் தையல் எந்திரத்தில் அமர்ந்து, கோவிலின் பீடத் துணிகளையும் பாடகர் குழுவின் வெள்ளங்கிகளையும் தைப்பவள். எந்திரத்தை மிதிக்கத் தொடங்கினால், முன்னறையில் உறங்கும் நான்கு வயது மகள் லூர்துசெல்வி அழுவது காதில் விழாது. அதற்காகவே அண்ணன் அந்தப் பெட்டிகளை அனுப்பினான். ஒன்று குழந்தையின் கட்டிலருகே இருந்தது, மற்றொன்று எந்திரத்தருகே.

முதல் மாதம் அது வரமாகவே இருந்தது. குழந்தை மூச்சு விடுவதும், புரண்டு படுப்பதும், கனவில் சிரிப்பதும் தாயின் காதருகே வந்து விழுந்தன. ஓசை வந்துவிட்டதால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய வேளைகள் குறைந்தன. "சாமி, தூங்கு சாமி" என்று எந்திரத்தருகிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, அவள் தையலைத் தொடர்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தபோது சாந்தாமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எஸ்டேட் டிரைவரின் மனைவி.

"ஏனுங்க செல்வி, நேத்து உங்க ஊட்டுக்காரரு மீன்கொழம்புல உப்பில்லைன்னாரே, அப்பறம் போட்டீங்களா இல்லியா?"

"அது உங்களுக்கெப்படிங்க தெரியும்?"

"எங்கூட்டுப் பொட்டி சொல்லுச்சு. சேலத்துல கெடைக்குதுன்னு நாங்களும் வாங்கிட்டமில்ல! ஒரே டிரான்ஸ்பார்மர்ல தொங்குற ஊடுங்களுக்குள்ள எல்லாம் பேசுதாமா. எம் மாமியா இப்ப அடுப்படில வாயே தெறக்கறதில்லீங்க. என்னைய வையறதுக்குன்னே கொல்லப்பக்கம் போறாங்க. நொம்பப் புண்ணியம் அந்தப் பொட்டிக்கு!"

பெண்கள் சிரித்தார்கள். ஆரோக்கியசெல்வியும் சிரித்தாள். ஆனால் வீடு திரும்பியதும் பெட்டியின் முன் நின்று, இதுவரை தான் பேசியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அந்தச் சரிவில் டெலிபோனும் கேபிள் டிவியும் ஏறி வந்து நெடுநாள் ஆகவில்லை, அதற்குள் இதுவும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண் விழித்திருந்தது. கதவைச் சார்த்தினாலும் வீடு சார்த்தப்படுவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அதன்பின் பெட்டியின் ஓசையைத் தாழ்த்தி வைத்தாள். ஊராரின் பேச்சு தன் தையலில் கலக்கலாகாது. குழந்தை கதறி அழுதால் மட்டும் கேட்டால் போதும் என்று அளவு பார்த்துத் திருகினாள்.

மருள்மாலைப் பொழுதொன்றில், நூலறுந்து எந்திரம் நின்றது. அந்த அமைதியில், வாசலுக்குப் போக எழுந்தவள் முன்னறைக் கதவருகே நின்றாள். உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். முதிர்ந்த குரல், இழைந்து, கெஞ்சி, பாட்டாகவும் அழுகையாகவும் இல்லாத ஓர் இடைநிலையில் அது ஒலித்தது.

"வா சாமி... எங்கூட்டுக்கு வா சாமி..."

கட்டிலில் லூர்துசெல்வி அமர்ந்திருந்தாள். பெட்டியின் பூட்டு விடுபட்டிருந்தது. குழந்தை விரலால் பொத்தானை அழுத்தி, வாயைப் பெட்டியோடு ஒட்டி, "வயேன்" என்றது. ரகரம் அவள் நாவுக்கு இன்னும் வசப்படவில்லை.

"யாரு சாமி அது?"

"சாமி வான்னு கூப்பிடுதாங்கம்மா."

"அது சாமி கும்பிடறவங்க யாரோ. உன்னையக் கூப்பிடல."

"என்னயத்தான். நீயும் சாமின்னுதானே கூப்பிடுதே?"

குழந்தையைக் கூப்பிடுவதும் கடவுளைக் கூப்பிடுவதும் அம்மலையில் ஒரே சொல்லால்தான்.

கணவனிடம் சொன்னாள். "பொட்டியப் புடுங்கி வையேன்" என்றான் தேவசிகாமணி, சட்டையைக் கழற்றிக்கொண்டே. "திருநாளுக்குள்ள பீடத்துணி தைச்சாகோணும், புள்ள தனியாக் கெடக்கும்" என்றாள் அவள். "அப்ப புடுங்காதே" என்று அவன் சிரித்தான். பேச்சு அத்துடன் முடிந்தது. பூட்டை விடுவிக்கக் கூடாதென்று குழந்தையை அவள் கடிந்துகொண்டாள், அவ்வளவே.

திருநாளுக்கு முந்தைய வாரம் தேவசிகாமணி எஸ்டேட் வேலையாகச் சேலத்துக்குப் போனான். கடைசி பஸ்ஸில்தான் திரும்புவான். நண்பகல் தாண்டியதுமே மூடுபனி இறங்கிவிட்டது. சவுக்கு மரங்கள் முதலில் மறைந்தன, பின் வேலி மறைந்தது, பின் வாசற்படி. ஆரோக்கியசெல்வி பீடத்துணியின் ஓரத்தில் பொன்னிழை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி மௌனமாயிருந்தது. குழந்தை உறங்குகிறது என்று எண்ணினாள். வெகுநேரம் எண்ணினாள்.

இழை முடிந்து நிமிர்ந்தபோதுதான் அந்த மௌனம் முழுமையாக இருப்பதை உணர்ந்தாள். மூச்சொலிகூட இல்லை. ஓசையைக் கூட்டினாள். பெட்டிக்குள் மணியடித்தது. கைமணி. அதன் நடுவே, யாரோ சிரித்தார்கள். அவள் மகளின் சிரிப்பு.

முன்னறைக்கு ஓடினாள். கட்டில் வெறுமையாயிருந்தது. பெட்டியின் பொத்தான் விடுபட்டிருந்தது. வாசற்கதவு திறந்திருக்க, மூடுபனி வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருந்தது. கட்டிலருகே இருந்த பெட்டி, அவள் கண்முன்னே பேசியது.

"சாமி, பொட்டு வைக்கட்டுமா? அசையாம இரு... இனி எங்கூட்லயே இருப்பியா சாமி?"

"இப்பேன்" என்றது மகளின் குரல்.

அங்கே பொத்தான் விடுபட்டு ஓசை நின்றது; ஆரோக்கியசெல்வி இங்கே பொத்தானை அழுத்தினாள். "சாமி! எங்க இருக்கே சாமி? அம்மா கூப்பிடறேன்!" விட்டுவிட்டுக் கேட்டாள். அதே முதிய குரல், நடுங்கி: "கேட்டீங்களா? ஆரோ அழைக்கிறாங்க. நம்மளாட்டமே அழைக்கிறாங்க." தொலைவில் ஓர் ஆண்குரல்: "களத்துல காப்பிக்கொட்டை நனையுது, முத்தாயி. வந்து ஒரு கை புடி, மூடலாம்."

அச்சரிவில் காப்பிக்களம் உள்ள வீடு ஒன்றே. மிளகுக் கொடிகளுக்கும் கமலா ஆரஞ்சு மரங்களுக்கும் கீழே, ஐயாக்கண்ணு என்ற குடியானவரின் வீடு. அவள் செருப்பின்றி ஓடினாள். மூடுபனியில் தன் கால்கள் அவளுக்கே தெரியவில்லை. எதிரே யாரோ ஏறி வருவதுபோல் இரண்டுமுறை ஒதுங்கி வழிவிட்டாள், யாரும் வரவில்லை.

அந்த வீட்டின் பூசை விளக்கறையில் மகள் மணைமேல் அமர்ந்திருந்தாள். கழுத்தில் சாமந்தி மாலை. நெற்றி நிறையக் குங்குமம். கையருகே வெல்லமும் வாழைப்பழமும். எதிரே கற்பூரம் எரிந்தது. ஐயாக்கண்ணுவின் மனைவி முத்தாயி அவள்முன் கைகூப்பி அமர்ந்திருந்தாள். விளக்கு மாடத்தின் கீழ், பிளக்கில், அதே பாலாடை நிறப் பெட்டி. களத்திலிருக்கும் கணவரைச் சோற்றுக்குக் கூப்பிடவும், அவர் காதிலும் மாலைப்பூசை விழவும் அவர்கள் வாங்கியது.

"ஏனுங்க்கா, அது எம் புள்ளைங்க!"

முத்தாயி திரும்பவில்லை. "தெரியுங்க ரைட்டரம்மா. உங்கூட்டுப் புள்ளதான். ஆனா வந்திருக்கறது அம்மன்."

"என்னங்க பேசறீங்க?"

"எம் பொண்ணு கண்ணாயி சின்னதுலயே போயிருச்சு. அன்னைக்கு எங்கூட்ட விட்டுப் போன அம்மன், அப்பறம் எறங்கவே இல்லீங்க. கோயில் நோம்பிக்கு ஊரே சாமியாடும், எங்கூட்டாளுங்க மட்டும் மரமாட்டம் நிப்போம். எத்தன வருசமாக் கூப்பிட்டேன்! இந்தப் பொட்டி வந்தப்பறந்தான் அம்மன் பதில் சொல்லுச்சு. வரேன்னுச்சு. இன்னைக்கு நடையிலயே வந்து நின்னு, கூப்பிட்டீங்களேன்னுச்சு. நான் கூப்பிட்டேன், வந்துது. நீங்க கூப்பிட்டீங்களா?"

அந்தச் சொல் ஆரோக்கியசெல்வியின் நெஞ்சில் தைத்தது. அன்று மாலை முழுவதும் அவள் கூப்பிடவில்லை. பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றிருந்தாள்.

"அது எம் புள்ள பேசினதுங்க. பொத்தான அழுத்தி அழுத்திப் பேசுவா. அம்மனில்லீங்க."

"எல்லா நாளுமா? போன வெள்ளிக்கிழமையும் பேசுச்சே. நான் மூணு தரம் கூப்பிட்டேன், மூணு தரமும் வயேன் வயேன்னுச்சே?"

சென்ற வெள்ளிக்கிழமை அவளும் கணவனும் குழந்தையும் சேலத்தில் ஒரு ஞானஸ்நான வீட்டில் இருந்தார்கள். பூட்டிய வீடு. பொத்தானை ஒரு விரல் அழுத்தினாலன்றி அந்தப் பெட்டி பேசாது.

அதை ஆராய அவளுக்கு நேரமில்லை. மகளைத் தூக்கக் குனிந்தாள். முத்தாயி அவள் கையைப் பற்றினாள்; அந்தப் பிடியில் பகையில்லை, அச்சமே இருந்தது.

"அப்படியே தூக்கீட்டுப் போகாதீங்க. அழைச்சு வந்த சாமிய மலையேறச் சொல்லித்தானுங்க அனுப்போணும். சொல்லாமக் கொண்டுபோனா புள்ள தனியா வராது."

"அப்ப சொல்லுங்க."

"நான் மாட்டேன். இன்னொருக்கா என்னால அனுப்ப முடியாது."

கன்னிமரியின் முன்னன்றி வேறெங்கும் முழங்காலிடாத ஆரோக்கியசெல்வி, சாணி மெழுகிய அத்தரையில் முழங்காலிட்டாள். கற்பூரத்துக்கும் அம்மனுக்குமாக அல்ல. முத்தாயியின் கண்கள் இருந்த உயரத்துக்குத் தன் கண்களைக் கொண்டுவருவதற்காக.

"உங்க பொண்ணு போனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படி இருக்குங்க்கா எனக்கு. சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

களத்திலிருந்து வந்து கதவருகே நின்ற ஐயாக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்தார். "புள்ள மூஞ்சியப் பாரு முத்தாயி. அழப்போவுது. பசிக்குதோ என்னமோ. எறக்கி வுடு."

லூர்துசெல்வியின் உதடு பிதுங்கியது. "அம்மா" என்றாள், அழுகை தொடங்கும் முன்பு. முத்தாயி அந்தச் சொல் தன்னை நோக்கியதா என்று ஒரு கணம் காத்திருந்தாள். பின் தன் கையால் மாலையைக் கழற்றினாள். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். கற்பூரத் தட்டை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி, உடைந்த குரலில் சொன்னாள்:

"வந்தது போதும். மலையேறு சாமி."

கற்பூரம் அணைந்தது. குழந்தை தாயின் தோளில் முகம் புதைத்துக்கொண்டது. ஆரோக்கியசெல்வியின் கழுத்தில் அதன் ஈர மூச்சு பட்டது. அதன் வாய் மூடியிருந்தது. அதை அவள் தன் தோலால் அறிந்தாள்.

அப்போது, விளக்கு மாடத்தின் கீழிருந்த பெட்டி, "வயேன்" என்றது.

லூர்துசெல்வியின் குரல். நாவுக்கு வராத அதே ரகரம். ஒருவரும் அசையவில்லை. பெட்டி சற்றே இரைந்தது. மேலே, கதவு திறந்து கிடக்கும் அந்த வீட்டில், யாரோ பொத்தானை அழுத்தியபடியே வைத்திருந்தார்கள். பின்கட்டிலிருந்து தையல் எந்திரம் மெல்ல மிதிபடும் ஓசை கேட்டது. "வயேன்" என்றது மீண்டும், இம்முறை வாயருகே வைத்துச் சொன்னாற்போல.

ஐயாக்கண்ணு பாய்ந்து பெட்டியைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. வைக்க இடம் தெரியாதவர்போல ஏந்தி நின்றார்.

வெளியே மூடுபனி வாசலை நிரப்பியிருந்தது. மேட்டுக்கு ஏறும் பாதை அதனுள் ஓரடி வரை தெரிந்து, பின் இல்லாமற்போயிற்று. இந்த வீட்டிலிருந்து மகளைப் பறித்துக்கொண்டு போகவே ஓடிவந்தவள், அப்பாதையைப் பார்த்தாள். குழந்தையை மார்போடு இறுக்கினாள்.

"ஏனுங்க்கா, அவரு பஸ்ஸெறங்கி வர்ற வரைக்கும் நாங்க இங்கயே இருந்துக்கட்டுங்களா?"

முத்தாயி கதவைச் சார்த்தித் தாழிட்டாள். பாயை விரித்தாள். "இருங்க. எத்தன நேரம் வேணாலும் இருங்க" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஆனா புள்ளைய அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க. கேட்டுட்டிருக்கும்."

ஐயாக்கண்ணு எல்லா விளக்குகளையும் அணைத்து மெயின் சுவிட்சையும் இறக்கினார். அகல் விளக்கு மட்டும் எரிந்தது. இரண்டு பெண்களும் சுவரோரம் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்தார்கள். ஆரோக்கியசெல்வி மாலைச் செபம் தொடங்க முயன்றாள்; முத்தாயியின் உதடுகளும் அசைந்தன. ஆனால் இருவருமே யாரை அழைப்பதென்று அறியாமல் முதற்சொல்லிலேயே நின்றார்கள்.

மடியில் லூர்துசெல்வி தலை தூக்கித் தாயின் முகத்தைத் தேடினாள்.

"கண்ணு, தூங்கு கண்ணு" என்றாள் தாய்.

"அம்மா, சாமின்னு சொல்லு. நீ சொன்னாத்தானே அது நான்?"

ஆரோக்கியசெல்வி மகளின் காதுகள் இரண்டையும் தன் உள்ளங்கைகளால் மூடி, மேட்டுப் பாதையில் கணவனின் காலடி கேட்கிறதா என்று செவிகொடுத்தாள். காலடி கேட்டது. மிகச் சிறிய காலடி.