படிக்கட்டு வரிசை

காது கேட்கும் கருவிகளுக்கு ஒலி அளவை அமைத்துத் தருவது எங்கள் மென்பொருள். பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதியது, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அதைப் பார்த்து மென்பொருளில் ஏற்றும் அனுமதிச் சாவி மட்டும் என் ஒருத்தியிடம்தான் இருந்தது. ஓர் எண் பிசகினால் எங்கோ ஒருவர் காதுக்குள் ஊசி குத்தியதுபோல் சத்தம் பாயும். திங்கட்கிழமை என் வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் தட்டச்சு கூடாது. அதற்குள் சாவியை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும்.

தகுதியானவர் ஒருவர்தான். ‘நத்தை’ என்ற பெயரில் வாரம் ஒரு திருத்தம் அனுப்புபவர். முகம் தெரியாது, ஆனால் நிரலை எப்படி எழுத வேண்டும் என்ற எங்கள் நடை வழிகாட்டியைக் கரைத்துக் குடித்தவர். வரிக்கு எழுபத்தொன்பது எழுத்தைத் தாண்டமாட்டார், வரித் தொடக்கத்தில் விடும் உள்தள்ளல் நான்கு இடைவெளிக்கு மேலோ கீழோ போகாது. வெள்ளிக்கிழமை வந்த திருத்தத்தைத் திறக்கும்வரை எனக்கு அவர்மேல் நம்பிக்கைதான்.

பைத்தான் கோப்பின் தலைப்பகுதியில் ஓர் இரவல் பட்டியல் இருக்கும். வேறு எந்தெந்தத் தொகுப்புகளிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று வரிக்கு ஒன்றாகச் சொல்வது. அதை அகர வரிசையில் எழுதச் சொல்கிறது எங்கள் நான்காம் விதி. தேடுவது சுலபம், ஒன்றையே இருவர் இரண்டு முறை சேர்க்கவும் மாட்டார்கள். நத்தையின் பட்டியலோ இரண்டெழுத்துப் பெயரில் தொடங்கி மூன்று, நான்கு, ஆறு, ஏழு என்று படிக்கட்டுபோல் நீண்டுகொண்டே போனது.

படிக்கட்டு வரிசைக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்: என் நாத்தனார். இந்தத் திட்டத்தை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். வழிகாட்டியின் வரைவில் படிக்கட்டை விதியாக அவள் எழுதுவாள், நான் அடித்துவிடுவேன். எட்டு மாதம் இழுபறி. கடைசியில் தன் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. இப்போது முகமூடி போட்டுக்கொண்டு, நான் கட்டுப் போட்ட கையோடு கிடக்கப்போகும் நேரம் பார்த்து வருகிறாளா?

கணவரிடம் என் சந்தேகத்தைச் சொல்லவில்லை. தங்கை என்றால் உருகிவிடுவார். நத்தை என்பவர் வரிசையைத் தப்பாக எழுதியிருக்கிறார், மாற்றச் சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு நத்தைக்கு ஒரே வரி எழுதினேன்: ‘நான்காம் விதியைப் பார்க்கவும்.’ நாத்தனாராக இருந்தால் நாலு பக்கத்துக்கு வாதம் வரும். நனைந்த குடையை விரித்துக் காயவைப்பதா, மடித்தா என்பதற்கே அரை நாள் மல்லுக்கு நின்றவள்.

பதினோராவது நிமிடம் பதில் வந்தது: ‘மாற்றிவிட்டேன். நன்றி.’

அப்படியானால் அவள் இல்லை. பெருமூச்சு விட்டு, நத்தையின் பெயருக்கு எதிரே டிக் போட்டேன். சாவி கைமாறியது.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கணவர் திரும்பாமலே கேட்டார். “என்ன, மாத்திட்டாளா?”

நின்றுவிட்டேன். பைத்தானில் ஒரு பெயர் எந்த வகை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை; இன்று எண்ணாக இருப்பது நாளை சொல்லாகலாம். தமிழ் வினையில் அப்படித் தப்பிக்க முடியாது. நான் அவரிடம் ‘அவர்’ என்றுதான் சொல்லியிருந்தேன்.

“அந்த ‘ளா’ எங்கேருந்து வந்துச்சு?”

குழாயை மூடினார். “வாய் தவறிடுச்சும்மா.”

அவர் ஃபோனிலிருந்தே நாத்தனாரை அழைத்தேன். அவள் “சொல்லுண்ணா” என்றாள்.

“அண்ணன் இல்ல, நான்தான். சாவி கைக்கு வந்ததும் எல்லாத்தையும் படிக்கட்டாக்கிடலாம்னு பாத்தியா?”

“படிக்கட்டுதான் சரி, அண்ணி. அதுல மாத்தமில்ல. இத்தனை நாளா பாத்துப் பாத்து எழுதினேன், இன்னைக்குக் கை பழகின பக்கம் போயிடுச்சு. உங்க கை சரியாகட்டும், சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். ஆறு வாரம் யாரு பாத்துக்குவா, சொல்லுங்க?”

ஃபோனை வைத்ததும் அவள் அதுவரை அனுப்பிய அத்தனை திருத்தங்களையும் மறுபடி வரி வரியாகத் துருவினேன். ஓர் எண்கூடப் பிசகவில்லை. டிக்கை எடுக்கவில்லை. ஆனால் ஞாயிறு மதியம், கைக்குக் கட்டு விழும் முன்பே, இரவல் பட்டியல் அகர வரிசையில் இல்லாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பும் சிறு நிரல் ஒன்றை எழுதி அனுப்பினேன். சாவி இருவரிடம் இருக்கும்போது ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் விதி.

நத்தை அதை ஏற்றினாள், ஒரு குறிப்போடு: ‘இருபத்தாறாம் வரியில் ஓர் இடைவெளி அதிகம், அண்ணி. திருத்திவிட்டேன்.’