ஸ்கேன் அறையில் ஒரு கோஷம்

வலங்கைமான் பக்கத்து நல்லான்குடியில் விவசாயத் தொழிலாளர்கள் கூட்டம் போட்டால் மைக் செட் வாடகைக்கு எடுப்பதில்லை. அம்சவல்லி இருக்கும்போது அது எதற்கு? "நட்ட கைக்கு..." என்று அவள் இழுத்து நிறுத்துவாள். "நிலம் வேண்டும்!" என்று கூட்டம் முடிக்கும். அவள் இழுக்கிற இழுப்பில், முடிக்காமல் இருக்க யாராலும் முடியாது. ஒருமுறை பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரே வாய் தவறி முடித்துவிட்டு, அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கேட்ட நிலம் பன்னிரண்டு ஏக்கர் கோயில் நிலம். உழுது, நட்டு, அறுத்ததெல்லாம் அம்சத்தின் தெருக்காரர்கள். குத்தகைச் சீட்டில் இருந்த பெயர்களோ கோவிந்தராசுவின் மச்சான், மாப்பிள்ளை, செத்துப்போன பெரியப்பா. கோட்டையில் ஆட்சி மாறினால் வேட்டியின் கரையை மாற்றிக்கொள்கிற புண்ணியவான் அந்தக் கோவிந்தராசு. கரைதான் மாறும், பினாமி மாறாது. அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. டிவி வந்துவிட்டது, நிலம் வரவில்லை.

அந்த ஆனி மாதத்தில் வலங்கைமான் தாலுகா ஆபீஸ் முன்னால் மறியல். வெயில் மண்டையைப் பிளந்தது. அம்சம் எழுந்து நின்று நாலைந்து முறை குரல் கொடுத்தாள். கூட்டம் சூடு பிடித்தது. அந்த நேரம் பார்த்துக் கோவிந்தராசுவின் கார் ஓரமாக ஊர்ந்து போனது. "நட்ட கைக்கு..." என்று ஆரம்பித்த அம்சம் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் சுற்றினாள். யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் கூட்டம் திருதிருவென்று விழித்தது. போலீஸ் சுலபமாகக் கலைத்துவிட்டது.

அதற்கப்புறம் ஊர் பேசாமல் இருக்குமா? "கார்க்காரரு ஒரு பார்வை பாத்தாரு, இவ வாயில பூட்டு விழுந்துடுச்சு. விலை போயிட்டா" என்று முதலில் சொன்னவள் பொன்னுத்தாய். பத்து வருஷமாக நடவு வரிசையில் அம்சத்துக்கு அடுத்த நாற்று முடியை நடுகிறவள், ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றவள். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும். புருஷன் தங்கையன்கூட, "என்னதான் ஆச்சு, சொல்லேன்டி" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனான். அவள் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? கத்தின கத்தலில் மூத்திரம் போய், பாவாடையை நனைத்துக் கெண்டைக்காலில் வழிந்தது என்று எந்த வாயால் சொல்வாள்? கடைசிப் பிள்ளை பெரிய தலையோடு பிறந்ததிலிருந்து பத்து வருஷமாக இந்தக் கஷ்டம். எதிர்பாராமல் இருமினால், தும்மினால், நாற்றுக்கட்டைத் தூக்கினால் சொட்டும். முன்பெல்லாம் கோஷத்தில் கொஞ்சம் கசியும், சமாளித்துவிடுவாள். அன்றைக்குச் சமாளிக்கிற அளவில் இல்லை. மூத்திரக்காரி என்று பெயர் எடுப்பதைவிட விலை போனவள் என்று பெயர் எடுப்பதே மேல் என்று நினைத்தாள் பாருங்கள், அந்த நினைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைக் கண்டுபிடித்தவள் ஜன்னத் பீவி. தெருத்தெருவாகத் துணி மூட்டை தூக்கி விற்கிறவள்.

"ஊர்ல எல்லாரும் பூப்போட்ட பாவாடை கேக்குறாளுவ. நீ மட்டும் ஏன்டி வருஷம் பூரா கறுப்பே கேக்குற? கிழிஞ்ச துணி இருந்தா குடுங்கன்னு வேற கேக்குற" என்று ஒருநாள் அம்சத்தின் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அம்சம் தலை குனிந்தாள். "நானும் இப்படித்தான் கறுப்பு கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில திங்கக்கிழமை திங்கக்கிழமை பாகீரதி டாக்டரம்மா பாப்பாங்க. கெளம்பு."

அடுத்த திங்கட்கிழமையே கூட்டிப் போய்விட்டாள். வழியெல்லாம் அம்சத்துக்கு ஒரே யோசனை. குத்தகைப் பதிவு விசாரணை முடிந்து ஐப்பசி நடவுக்குள் நிலத்தை உழுதவர்கள் கையில் ஒப்படைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அன்றைக்குக் கோவிந்தராசு சும்மா இருக்க மாட்டார். தானும் அன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால், விலை போனவள் என்பது சாகிற வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். அதைவிட, நிலமே போனாலும் போய்விடும்.

டாக்டர் பாகீரதிக்கு நாற்பது வயது இருக்கும். படபடவென்று பேசினார்.

"படுங்கம்மா. மூத்திரம் வர்ற மாதிரி இருக்கா?"

"காலையிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி தொடலீங்க" என்றாள் அம்சம், ஏதோ விரதம் காத்தவள் மாதிரி.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சுத்தியும் ஆறும் வாய்க்காலுமா ஓடுது, இந்த ஊர்ப் பொம்பளைங்க ஒருத்தியும் தண்ணி குடிக்கிறதில்ல. பை காலியா இருந்தா நான் எதைப் பாக்குறது? போய்க் குடிச்சிட்டு வாங்க."

குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வந்து படுத்தாள். உள்ளே எதையாவது விடுவார்கள் என்று பயந்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. உறை மாட்டிய ஸ்கேன் கருவியில் பசையைத் தடவி, தொடைகளுக்கு நடுவே வெளியிலேயே வைத்தார்கள். டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்தக் கறுப்பா தெரியுறது மூத்திரப்பை. இந்தப் பக்கம் இருக்கிறது எலும்பு, அது அசையாது. நீங்க இருமும்போது பையோட கழுத்து அந்த எலும்புலேருந்து எவ்வளவு கீழ இறங்குதுன்னு பாக்கணும். எங்க, இருமுங்க."

இருமினாள். கழுத்து இறங்கவில்லை. கொஞ்சம் மேலேகூடப் போனது. "இன்னும் பலமா." அப்போதும் இறங்கவில்லை. "முக்குங்க." அதற்கும் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

அம்சத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்து வருஷம் மானத்தை வாங்கினது இன்றைக்குப் பார்த்து ஒளிந்துகொண்டதே! ஊர்தான் தன்னைப் பொய்க்காரி என்கிறது என்றால், இந்த மிஷினுமா?

"நெசமாத்தாம்மா, எனக்குப் போவும். பொய் சொல்லல" என்று கண்ணைத் துடைத்தாள்.

"யாரு பொய்யின்னு சொன்னது? இருமுறதுக்கு முன்னாடி நீங்க உள்ளுக்குள்ள இறுக்கிக்கிறீங்க. பாருங்க, இந்தச் சதை மேல இழுக்குது. தளர விட்டு இருமுங்க."

தளர விடுவதா? பத்து வருஷமாகக் காவல் காத்த உடம்பு, முன்பின் தெரியாத இடத்தில் படுத்துக்கொண்டு எப்படித் தளரும்? அவள் முயன்றாள், அது கேட்கவில்லை.

"சரி, எப்பப் போனா நிச்சயம் போவும்?"

அம்சம் தயங்கினாள். "கோஷம் போடும்போது."

"அப்பப் போடுங்க."

"இங்கேயா? அது சும்மா போடுற கோஷம் இல்லீங்கம்மா."

"யாரு சும்மா போடச் சொன்னா?"

அம்சம் கண்ணை மூடினாள். ஊர்ந்து போன அந்தக் கார் வந்தது. பொன்னுத்தாயின் வாய் வந்தது. விலை போனவளா நான்? அடிவயிற்றிலிருந்து கிளம்பியது குரல்.

"நட்ட கைக்கு...!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வராந்தாவில் திங்கட்கிழமைக் கூட்டம், பாதிக்கு மேல் நடவுக்குப் போகிற பெண்கள். யார் எவர் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை.

"நிலம் வேண்டும்!"

வாட்ச்மேன் கம்போடு ஓடி வந்து கதவைத் தட்டினார். நர்சம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டார். டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அசையாதீங்க! இன்னொரு தடவை!"

"நட்ட கைக்கு...!"

"நிலம் வேண்டும்!"

"கெடைச்சிடுச்சு!" என்று டாக்டரும் சேர்ந்து கத்தினார். திரையில் பையின் கழுத்து சரேலென்று கீழே இறங்கி, வாய் புனல் மாதிரி திறந்திருந்தது. விரிப்பும் நனைந்திருந்தது. அம்சம் கூச்சத்தில் எழப் பார்த்தாள்.

"இருங்க. நனைஞ்சது நல்லதுக்குத்தான்." டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது இருமுனது, இது கத்துனது. வித்தியாசம் தெரியுதா?"

அம்சம் உற்றுப் பார்த்தாள். "மதகுப் பலகை நல்லாத்தாம்மா இருக்கு. கீழ மண்ணு அரிச்சு, தண்ணி தள்ளும்போது மொத்தமா எறங்குது."

"அதேதான். ரொம்ப மோசமா இருந்தா ஆபரேஷன் பண்ணலாம். உங்களுக்கு இப்ப அது வேண்டாம். தாங்கிப் பிடிக்கிற சதை உங்ககிட்ட பலமா இருக்கு. இருமலுக்கு முன்னாடி தானா வருது, கோஷத்துக்கு முன்னாடி மறந்துடுது. கத்துறதுக்கு ஒரு நொடி முன்னாடி அதை இழுத்துப் பிடிங்க. இப்பவே, இந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே."

பார்த்துக்கொண்டே இழுத்தாள். திரையில் அது எழுந்தது. விட்டாள், இறங்கியது. தன் உடம்புக்குள் தான் சொன்னபடி ஒன்று கேட்கிறது என்று கண்ணால் கண்டபோது அம்சத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருஷமாக எதிரி என்று நினைத்த உடம்பு, பத்து வருஷமும் அவள் பக்கம்தான் நின்றிருக்கிறது.

ஆடி முழுக்கப் பழகினாள். ஆவணி, புரட்டாசியிலும் விடவில்லை. குனிந்து நிமிரும்போதெல்லாம், நாற்றுக்கட்டைத் தூக்கும்போதெல்லாம், முதலில் இழு, அப்புறம் தூக்கு. ஆள் இல்லாத வடிகால் கரையில் நின்று கோஷம் போட்டுப் பார்த்தாள். ஜன்னத் பீவி பூப்போட்ட பாவாடை ஒன்றை எடுத்து வந்து, "இதைக் கட்டுறியா, திரும்ப எடுத்துட்டுப் போவட்டுமா?" என்று சீண்டினாள். அம்சம் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. தாசில்தார் சர்வேயரோடு நிலத்தை ஒப்படைக்க வந்தார். வயல் நடுவே கோவிந்தராசுவின் டிராக்டர், அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தடியன்கள். "யாரும் நிலம் கேட்டு வரலையே சார். இதுங்களையெல்லாம் யாரோ தூண்டிவிட்டது" என்று கோவிந்தராசு சிரித்தார். தெருச்சனம் வரப்பில் வாயடைத்து நின்றது. "தகராறு வரும்போல இருக்கே, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்" என்று தாசில்தார் ஜீப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

எல்லார் கண்ணும் அம்சத்தின் மேல் விழுந்தது. சந்தேகத்தோடுதான் விழுந்தது. அவள் வரப்பில் ஏறினாள், சிவப்புப் பூப்போட்ட பாவாடை சேலைக்குக் கீழே எட்டிப் பார்க்க.

"யாராச்சும் ஒரு சொம்புத் தண்ணி குடுங்க."

தங்கையன் கொடுத்தான். அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அவள் வெளியிடத்தில் தண்ணீர் குடித்து அந்த ஊர் பார்த்ததே இல்லை.

"அன்னைக்கு மறியல்ல நான் ஏன் வாயை மூடுனேன்னு கேட்டீங்கல்ல? மூத்திரம் போயிடுச்சு. கத்துனா போவும் எனக்கு, பத்து வருஷமா. தஞ்சாவூர்ல ஸ்கேன் எடுத்து, என்ன ஏதுன்னு கண்டுபிடிச்சு, சரி பண்ணிட்டேன். நான் ஒருத்தனுக்கும் விலை போவல."

ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். தங்கையன் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. அவள் நிமிர்ந்தாள். ஒரு நொடி இழுத்துப் பிடித்தாள்.

"நட்ட கைக்கு...!"

"நிலம் வேண்டும்!"

பெண்கள் முதலில் சேற்றில் இறங்கினார்கள். பின்னாலேயே மொத்தத் தெருவும் இறங்கியது. அவள் மறுபடி, மறுபடி குரல் கொடுத்தாள். பாவாடை காய்ந்தே இருந்தது. ஒவ்வொரு கோஷத்துக்கும் கூட்டம் ஓரடி முன்னேற, தடியன்கள் ஓரடி பின்வாங்கினார்கள். தாசில்தார் ஜீப்பை மறந்துவிட்டு, "சர்வேயர், சங்கிலியைப் பிடிங்க" என்றார். டிராக்டர் ரிவர்ஸ் எடுத்து, வாய்க்காலில் ஒரு சக்கரத்தை விட்டு, ஒருவழியாகக் கரையேறிப் போனது. கோவிந்தராசுவைக் காணோம்.

அன்று மாலைக்குள் முதல் நாலு பாத்தி நட்டாகிவிட்டது. அம்சத்துக்கு அடுத்த முடியைப் பொன்னுத்தாய்தான் நட்டாள். பொழுது சாய்கிற நேரம் குனிந்தபடியே நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"நான் பேசுனதெல்லாம் தப்புதான்டி." கொஞ்ச நேரம் நட்டாள். அப்புறம் இன்னும் தணிவாக, "அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை பாப்பாங்க?" என்றாள்.

அம்சம் நிமிர்ந்தாள். வரிசையில் குனிந்திருந்த நாலைந்து முதுகுகள் நடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது தெரிந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"திங்கக்கிழமை. தண்ணி குடிச்சிட்டு வாங்க."