கூடுதலாக ஒரு இழுப்பு

பேறுகாலம் பார்க்கப் போனவளைப் புருஷன்தான் போய்க் கூட்டி வர வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது. என் மனைவி சின்னத்தாய் விருதுநகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனது பங்குனியில். பேரன் பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் தொடங்கிவிட்டான். அதுவரைக்கும் நான் போகவில்லை. போகக் கூடாது என்றெல்லாம் இல்லை. மருமகன் கதிரவன் காரில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வருவதென்றால் என் பைக்கில்தான் வருவாள் என்று முடிவு கட்டியிருந்தேன். பைக்கோ புகை கக்கிக்கொண்டு நின்றது. அதனால் இஞ்சினைப் பிரித்தேன்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாமே என்று கேட்காத ஆள் எங்கள் ஊர் எம். புதுப்பட்டியில் இல்லை. அவரவர் சோலியைப் பார்த்தால் தேவலை. பிஸ்டன் வளையம் மாற்றுவது எப்படி என்று போனில் ஆயிரம் வீடியோ கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. வீட்டில் பேச ஆளில்லை. சோறு பொங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வளையத்தை மாற்றி மறுபடி பூட்டியது எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, பக்கவாட்டு மூடியின் கடைசி போல்ட் வரைக்கும். நான் பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவன். சணல் தொளதொளவென்று இருந்தால் வெடிக்காது, புஸ்ஸென்று போய்விடும். அதனால் சுற்றி முடித்த பிறகும் கூடுதலாக ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போடுவேன். அந்த இழுப்புக்குத்தான் அங்கே எனக்குப் பேர். கை அதே பழக்கத்தில் போல்ட்டையும் ஒரு இழுப்பு கூட இழுத்துவிட்டது. இறுகிக்கொண்டே வந்த போல்ட் சட்டென்று பிடிப்பில்லாமல் சுழன்றது. வெளியே எடுத்துப் பார்த்தால், ஓட்டைக்குள் இருக்க வேண்டிய திருகு மரை பூராவும் போல்ட்டில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

சிவகாசியில் ஸ்பேர் கடை வைத்திருக்கும் பலவேசம் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணாச்சி, இது என்ன வெடியா? அலுமினியம்லா. போல்ட் போய் உக்காந்ததும் கையை எடுத்துரணும்."

"எனக்குத் தெரியும்லே. இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"வண்டியை இங்கன கொண்டாங்க. அரை நாள்ல முடிச்சுத் தாரேன்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஓட்டையைப் பெரிதாக்கும் துளைக்கம்பி, புதுமரை வெட்டும் டேப், உள்ளே திருகி இறக்க ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பிச் சுருள், எல்லாவற்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வந்த பிறகு சீசன் தொடங்கிவிட்டது. ஆர்டர் குவிந்து ஞாயிறும் வேலை என்றானது. தீபாவளிக்காவது வாங்க என்று மகள் எழில் போனில் கூப்பிட்டாள். இஞ்சினை அப்படியே போட்டுவிட்டு எப்படி வர என்றேன்.

"அம்மாகிட்ட குடுக்கவாப்பா?"

"வேணாம். கையெல்லாம் எண்ணெயா இருக்கு."

கை சுத்தமாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க வெடிச்சத்தம். நான் சுற்றிய வெடியும் எங்கோ வெடித்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.

சீசன் முடிந்த பிறகு, கார்த்திகையில்தான் மறுபடி உட்கார்ந்தேன். டேப்பைக் கொஞ்சம் முன்னால் திருகி, கொஞ்சம் பின்னால் எடுத்து, எண்ணெய் விட்டு, மறுபடி திருக வேண்டும். அவசரப்பட்டால் உள்ளேயே ஒடிந்துவிடும். தரையில் அலுமினியத் தூள் உதிர்ந்தது. மருந்துத் தூள் சிந்தினால் துடைக்கும் கம்பெனிப் பழக்கத்தில் உடனே ஈரத்துணியால் துடைத்தேன். சின்னத்தாய் இருந்திருந்தால், வீட்டையும் கம்பெனி ஆக்கியாச்சா என்று கேலி பண்ணியிருப்பாள். தனியாக இருப்பது இஞ்சினைப் பிரிக்கும்போது தெரிவதில்லை. ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்ட ஒரு கை வேண்டும்போதுதான் தெரிகிறது. போனைச் செங்கலில் சாய்த்து வைத்து அதன் வெளிச்சத்தில் சுருளை இறக்கினேன். போல்ட்டைப் போட்டேன். அது போய் உட்கார்ந்ததும் கையை எடுத்துவிட்டேன். கை கேட்கவில்லை, நான்தான் இழுத்துப் பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விருதுநகருக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் இஞ்சின் குயில் மாதிரி கூவியது. ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை.

மகளும் மருமகனும் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். சின்னத்தாய் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"வாங்க. சாப்பிட்டீகளா?"

சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது சொன்னேன்.

"துணிமணியை எடுத்து வையி. வண்டி ரெடியாயிருச்சு."

அவள் பேரனின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"எழில் மறுபடி வேலைக்குப் போறா. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன். இனிமே இங்கனதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?"

"கேக்க நீங்க வந்தாத்தான? ஆவணி வரைக்கும் பையைக் கட்டியே வச்சிருந்தேன். பிறகு ஒருநா, சேலை எல்லாம் மக்குதேன்னு பிரிச்சு மடிச்சு பீரோவுல வச்சேன்."

"வண்டி ஓடலியே, சின்னத்தாயி."

"வண்டியா வந்து கூப்பிடணும்? நீங்க நடந்து வந்திருந்தாக்கூட வந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். விலை விசாரிக்கிறவளுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். வண்டி கிளம்பாவிட்டால், இருந்துவிட்டுக் காலையில் போங்கள் என்பாள். அப்படி ஒரு சொல்லாவது கிடைக்கட்டும், கிளம்பாதே, கிளம்பாதே என்று வேண்டிக்கொண்டே மிதித்தேன்.

ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகித் தொலைத்தது.